'ஏ' டிரைவ் எங்கே போயிற்று?

மாணவ நண்பர்களே, அடுத்த முறை பள்ளிக் கணிப்பொறியின் முன் உட்காரும்போது ஒன்றைக் கவனியுங்கள். கோப்புகள் இருக்கும் இடத்தைத் திறந்தால் 'சி' என்ற டிரைவ் கண்ணில் படும். சில கணிப்பொறிகளில் 'டி'யும் இருக்கும். ஆங்கில எழுத்துகளை 'ஏ'யிலிருந்துதானே தொடங்குவோம்? அப்படியானால் 'ஏ'யும் 'பி'யும் எங்கே போயின?

அவை தொலைந்துபோகவில்லை. யாரும் உட்காராத இரண்டு நாற்காலிகளைப் போல இன்னும் காலியாகவே கிடக்கின்றன. 1981ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் தன் முதல் 'பர்சனல் கம்ப்யூட்டரை' விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதனுள் வன்தட்டு கிடையாது. முகப்பில் இரண்டு பிளாப்பி டிரைவ்கள் பொருத்த இடம் இருந்தது. முதலாவதற்கு 'ஏ', இரண்டாவதற்கு 'பி' என்று பெயர். 1983இல் வந்த அடுத்த மாதிரியில் 10 மெகாபைட் கொள்ளளவுள்ள வன்தட்டு ஒன்று சேர்ந்தது. அதற்கு மிச்சமிருந்த எழுத்து 'சி'. பிளாப்பிகள் மறைந்த பிறகும் விண்டோஸ் அந்த முதல் இரண்டு எழுத்துகளைத் தானாக வேறு எதற்கும் கொடுப்பதில்லை.

இந்த நாற்காலிகள் இனியும் வேண்டுமா? இன்றைய கணிப்பொறிக்குப் பிளாப்பி டிரைவ் தேவையா? வகுப்பில் கேட்டால் "தேவையில்லை சார்" என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்லிவிடுவார்கள். அந்த விடை சரிதானா என்று பார்ப்போம்.

மூன்று வேலைகள்

பிளாப்பி டிரைவ் கணிப்பொறிக்குச் செய்துவந்த முதல் வேலை, அதை எழுப்புவது. மின்சாரம் பாய்ந்த உடனே கணிப்பொறிக்கு அனேகமாக எதுவும் தெரியாது. இயக்க மென்பொருளை எங்கிருந்தாவது படித்துக்கொண்ட பிறகே அது வேலைக்குத் தயாராகும். அந்தக் காலத்தில் அந்த 'எங்கிருந்தாவது' பிளாப்பிதான். புதிய மென்பொருளைப் புகுத்துவது அடுத்த வேலை. விண்டோஸ் 95 பிளாப்பியில் வந்தபோது 13 வட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செருக வேண்டியிருந்தது. பன்னிரண்டாவது வட்டு கெட்டிருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்! மூன்றாவது, கோப்புகளை ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்குச் சுமந்து செல்வது.

முதல் இரண்டு வேலைகளையும் காம்பாக்ட் டிஸ்க் எடுத்துக்கொண்டது. மூன்றாவதை 2000ஆம் ஆண்டில் கடைக்கு வந்த பென் டிரைவ் எடுத்துக்கொண்டது. முதலில் வந்த பென் டிரைவ்களின் கொள்ளளவு வெறும் 8 மெகாபைட். ஆனாலும் அது ஐந்து பிளாப்பிகளுக்கும் மேல். ஆப்பிள் நிறுவனம் 1998லேயே பிளாப்பி டிரைவ் இல்லாத ஐமேக்கை வெளியிட்டுப் பலரிடம் திட்டு வாங்கியது. 2003இல் டெல் நிறுவனம் தன் மேசைக் கணிப்பொறிகளில் 'கேட்டால் மட்டும் தருவோம்' என்று பிளாப்பி டிரைவைப் பின்னுக்குத் தள்ளியது. அதே டெல் 2007இல் எங்கள் ஊருக்கு அருகே ஸ்ரீபெரும்புதூரில் கணிப்பொறித் தொழிற்சாலை தொடங்கியது. ஆக, இந்த வட்டாரத்தில் கணிப்பொறி உற்பத்தி காலூன்றியபோது பிளாப்பி ஏறக்குறைய விடைபெற்றுவிட்டது.

நடுவில் ஒரு வேடிக்கையும் நடந்தது. 2001இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பிக்குப் பின்னால் வந்த 'சாட்டா' வகை வன்தட்டுகளைப் பல சமயம் அடையாளம் தெரியவில்லை. அறிமுகம் செய்துவைக்கும் சிறு மென்பொருளை நிறுவும் நேரத்தில் கொடுக்க வேண்டும். அதை எக்ஸ்பி எங்கே தேடும் தெரியுமா? 'ஏ' டிரைவில்! புத்தம்புதிய வன்தட்டை இயக்குவதற்காகப் பழைய பிளாப்பி டிரைவ் ஒன்றை இரவல் வாங்கி வந்தவர்களுள் நானும் ஒருவன்.

2010இல் சோனி நிறுவனம், அடுத்த ஆண்டு மார்ச்சுடன் ஜப்பானில் பிளாப்பி விற்பனையை நிறுத்துவதாக அறிவித்தது. மூன்றரை அங்குலப் பிளாப்பியை உலகுக்குத் தந்ததே சோனிதான். நம் நாட்டில் 1988இல் பிளாப்பி தயாரிக்கத் தொடங்கிய மோசர் பேயர் நிறுவனம், பிறகு காம்பாக்ட் டிஸ்க்குக்கு மாறி, 2018இல் கலைப்புக்கு உள்ளாகிவிட்டது. இன்றைய கணிப்பொறியின் தாய்ப் பலகையில் பிளாப்பியின் கேபிளைச் செருகும் இடம்கூட இல்லை.

எனவே மேசையின் மேல் இருக்கும் கணிப்பொறிக்குப் பிளாப்பி தேவையில்லை. வகுப்பு சொன்ன விடை சரி. ஆனால் கணிப்பொறிகள் எல்லாமே மேசையின் மேல் இருப்பவை அல்லவே!

ஐப்பசி மழையில் ஓர் அழைப்பு

தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாக மேற்கே வந்தால் பெரிய ஏரி ஒன்றும், அதையொட்டி மணிமங்கலமும் வரும். ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நரசிம்மவர்மன் சாளுக்கியப் புலிகேசியை வென்ற போர்க்களங்களுள் ஒன்று என்று வரலாற்றுப் பாடத்தில் இவ்வூரின் பெயரைப் படித்திருக்கலாம். இன்று இந்தப் பக்கம் தொழிற்சாலைகளின் வட்டாரம். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான் ஆலை வந்தது. பெரிய ஆலைகளின் பெயர்ப் பலகைகள் சாலையிலிருந்தே தெரியும். அவற்றுக்கு வேண்டிய உதிரிப் பாகங்களையும், அந்தப் பாகங்களைத் தகட்டிலிருந்து வெட்டியெடுக்கும் 'டை'களையும் செய்து தரும் சிறு பட்டறைகள் உள்ளே சந்துகளில் தகரக் கூரைக்குக் கீழே இருக்கின்றன.

சென்ற ஆண்டு ஐப்பசி மழை கொட்டிய ஒரு மாலையில் என் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு மணிமங்கலத்தில் ஒரு டூல் ரூமில் வேலை பார்ப்பவர்.

"சார், உங்ககிட்ட பழைய பிளாப்பி ஏதாவது இருக்குமா?"

"எதுக்குப்பா?"

"வயர்கட் மிஷின் சார். டிஸ்க் எர்ரர்னு வருது. ரெண்டு பிளாப்பி போட்டுப் பாத்தாச்சு. மூணாவதையும் போடலாமான்னு முதலாளி கேக்கறாரு."

"போடாதே! நான் வர்ற வரைக்கும் எதையும் உள்ளே விடாதே."

ஏன் அப்படிப் பதறினேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் வயர்கட் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள பித்தளைக் கம்பியைத் தண்ணீருக்குள் இழுத்துப் பிடித்து, அதற்கும் எஃகுக் கட்டிக்கும் இடையே மின்பொறிகளைத் தாவச் செய்வார்கள். கம்பி எஃகைத் தொடுவதே இல்லை. ஒவ்வொரு பொறியும் எஃகிலிருந்து ஒரு துளியை உருக்கி எடுத்துவிடும். தயிரை நூலால் வெட்டுவதுபோல, கெட்டியாக்கப்பட்ட எஃகை இந்தக் கம்பி மெதுவாக வெட்டிக்கொண்டு போகும். எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு, நேராகவா வில்லாகவா என்பதை வரிவரியாக எழுதிக் கொடுக்க வேண்டும். அதுதான் நிரல். ஒரு சாதாரண டைக்கான நிரல் சில ஆயிரம் எழுத்துகளுக்குள் அடங்கிவிடும். அதைக் கொடுக்கும் வழி, 1990களில் செய்யப்பட்ட அந்த மிஷினில், பிளாப்பி.

வார்ப்பிரும்பாலான அதன் உடல் இன்னும் உறுதியாக இருக்கிறது. வெட்டும் நுட்பத்திலும் குறையில்லை. முதலாளி அதை ஜப்பானிலிருந்து செகண்ட்ஹேண்டாக வாங்கியவர். புதியதற்குப் பல லட்சங்கள் வேண்டும். மிஷினுக்குள் இருக்கும் கணிப்பொறிக்கும் உடலுக்கும் வயது ஒன்றே. நாம் மேசைக் கணிப்பொறியை ஐந்தாறு ஆண்டுகளில் மாற்றிவிடுகிறோம். இந்த மாதிரி மிஷின்களை முப்பது ஆண்டுகள் வைத்திருக்கிறோம். பிளாப்பிச் சிக்கலின் வேர் இந்த வயது வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

வட்டுக்குள் இருக்கும் இயற்பியல்

மூன்றரை அங்குலப் பிளாப்பியின் கெட்டியான உறைக்குள் இருப்பது மெல்லிய பாலியெஸ்டர் படலம். நெகிழ்வானது, அதனால்தான் அந்தப் பெயர். அதன் இரு பக்கமும் இரும்பு ஆக்சைடுப் பூச்சு. (இந்தக் கறுப்புப் படலத்தின் வழியாகச் சூரிய கிரகணம் பார்க்கும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. ஒருபோதும் செய்யாதீர்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்தாலும் அகச்சிவப்புக் கதிர்களை அது உள்ளே விட்டுவிடும். கண் கூசாமலே விழித்திரை வெந்துவிடும்.)

இந்த வட்டு நிமிடத்துக்கு 300 சுற்று, அதாவது நொடிக்கு 5 சுற்று சுழலும். ஒவ்வொரு பக்கத்திலும் 80 வட்டத் தடங்கள். ஒவ்வொரு தடத்திலும் 18 கூறுகள். ஒவ்வொரு கூற்றிலும் 512 பைட். இப்போது நீங்களே பெருக்குங்கள்:

2 × 80 × 18 × 512 = 14,74,560 பைட்.

இதைத்தான் '1.44 மெகாபைட்' என்று அட்டையில் அச்சிட்டார்கள். பத்து லட்சத்தால் வகுத்தால் 1.47 வரும். 1024ஐ 1024ஆல் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால் 1.41 வரும். 1.44 எப்படி வந்தது? 1024ஆல் ஒருமுறையும் 1000ஆல் ஒருமுறையும் வகுத்திருக்கிறார்கள்! தேர்வில் நீங்கள் இப்படி அலகுகளைக் கலந்தால் நான் மதிப்பெண் தரமாட்டேன். ஆனால் உலகமே இந்த எண்ணை ஏற்றுக்கொண்டது.

வேகத்தையும் கணக்கிடலாம். ஒரு சுற்றில் 18 × 512 = 9,216 பைட். நொடிக்கு 5 சுற்று என்பதால் 46,080 பைட். வட்டு முழுவதையும் படிக்க 160 சுற்றுகள், அதாவது குறைந்தது 32 நொடி வேண்டும். முனை நகரும் நேரம் தனி. வெளித்தடம் மையத்திலிருந்து சுமார் 4 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே பூச்சு நகரும் வேகம் நொடிக்கு ஒன்றேகால் மீட்டர். நீங்கள் பள்ளிக்கு நடந்து போகும் வேகம்தான்!

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். எழுதும்போது, முனையிலுள்ள சிறு மின்காந்தத்தில் ஓடும் மின்னோட்டத்தின் திசையை மாற்றிமாற்றிப் பூச்சின் சிறுசிறு பகுதிகளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் காந்தமாக்குகிறோம். படிக்கும்போது என்ன நடக்கிறது? பாரடே 1831இல் கண்டது நினைவிருக்கிறதா? கம்பிச்சுருளின் ஊடே காந்தப் பாயம் மாறினால்தான் அதில் மின்னழுத்தம் தோன்றும். பாயம் மாறாதிருந்தால் எவ்வளவு வலிய காந்தமாயினும் சுருள் மௌனமாகவே இருக்கும். ஆகவே முனைக்குத் தெரிவது காந்தத் திசை அல்ல. திசை திரும்பும் இடங்கள் மட்டுமே. ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு துடிப்பு.

'1' என்றால் திருப்பம், '0' என்றால் திருப்பமில்லை என்று வைத்துக்கொள்ளலாமா? தொடர்ந்து நூறு பூச்சியங்கள் வந்தால் துடிப்பே இருக்காது. அவை நூறா, நூற்றொன்றா என்று கணிப்பொறி எப்படி எண்ணும்? வட்டின் வேகம் இம்மி பிசகினாலும் கணக்குத் தவறிவிடும். இதற்கு ஓர் அழகான தந்திரம் செய்தார்கள். ஒவ்வொரு பிட்டுக்கும் 2 மைக்ரோநொடி இடம். பிட் '1' ஆனால் அதன் நடுவில் ஒரு திருப்பம். '0' ஆனால், அதற்கு முந்தியதும் '0' ஆக இருந்தால் மட்டும், இரண்டுக்கும் இடையிலுள்ள எல்லையில் ஒரு திருப்பம். தாளில் வரைந்து பாருங்கள். எந்தப் பிட் வரிசையை எழுதினாலும் அடுத்தடுத்த இரு திருப்பங்களுக்கு இடையே 2, 3, 4 மைக்ரோநொடி என்ற மூன்று இடைவெளிகள் தவிர வேறு வரவே வராது. பஜனையில் தாளம் போடுகிறவர் பாடகர் நிறுத்தினாலும் தாளத்தை விடாமல் பிடித்திருப்பதுபோல, பூச்சியங்களின் நடுவிலும் துடிப்பு விட்டுப்போவதில்லை.

ஆக, மிஷினுக்குள் இருக்கும் கணிப்பொறி வட்டைப் பார்ப்பதில்லை. ஒரு கம்பி வழியே வரும் துடிப்புகளின் இடைவெளியை மட்டுமே பார்க்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் பயன்படும்.

மூன்றாவது வட்டு

மழை விட்டதும் என் மடிக்கணிப்பொறியையும், யு.எஸ்.பி. வழியே இணைக்கும் சிறிய பிளாப்பி டிரைவ் ஒன்றையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். முதலிரண்டு வட்டுகளின் உலோக மூடியை விலக்கி விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்தோம். இரண்டிலும் ஒரே இடத்தில், சுற்றிலும் ஒரு மெல்லிய வளையம் பளபளத்தது. பூச்சு சுரண்டப்பட்டுப் படலம் தெரிந்த இடம் அது.

வன்தட்டில் முனை, காற்றின் மெல்லிய படுகையின்மேல் மிதக்கும். பிளாப்பியில் அது பூச்சைத் தொட்டுக்கொண்டே உரசும். பட்டறைத் தூசும், மழைக்கால ஈரத்தில் பிசுபிசுத்த பூச்சுத் துகளும் முனையில் ஒட்டிக் கெட்டியாகிவிட்டால் அது உளியாகிவிடுகிறது. முதல் வட்டைக் கீறுகிறது. "வட்டு கெட்டுப்போச்சு" என்று நினைத்து நாம் இரண்டாவதைச் செருகுகிறோம். அதையும் கீறுகிறது. கெட்டது வட்டல்ல, டிரைவ்! நல்ல வட்டுகளை ஒவ்வொன்றாக அதன் வாயில் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். நான் பதறியதற்குக் காரணம் இதுதான்.

இதில் எனக்குப் பழைய அடி ஒன்று உண்டு. எம்.எஸ்சி. படித்தபோது ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை ஒரே பிளாப்பியில் வைத்திருந்தேன். அது படிக்கவில்லை என்றதும் அவசரத்தில் ஐந்து கணிப்பொறிகளில் மாற்றிமாற்றிப் போட்டேன். முதல் கணிப்பொறியிலேயே நிறுத்தியிருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும். இரண்டு இரவுகள் விழித்து மறுபடி எழுதினேன்.

மூன்றாவது வட்டில் கீறல் இல்லை. அதன் மூலையிலுள்ள சிறு தாழ்ப்பாளை நகர்த்தி, எழுத முடியாதபடி செய்துகொண்டு, மிஷினில் அல்லாமல் என் டிரைவில் செருகினோம். ஓரிடத்தில் வந்து திணறியது. மறுபடி படிக்கச் சொன்னோம். நான்காவது முறை படித்துவிட்டது. ஒவ்வொரு முறையும் முனை தடத்தின்மேல் மிகச் சிறிது விலகியே வந்து நிற்கும். தடங்களுக்கு இடையே உள்ள தூரம் 0.19 மில்லிமீட்டர்தான். மங்கலான துடிப்பு ஒருமுறை தவறினாலும் மறுமுறை அகப்படலாம். பெரும்பாலான டைகளின் நிரல்கள் கிடைத்தன. முதல் இரண்டு வட்டுகளில் மட்டும் இருந்த சிலவற்றில், வரைபடம் உள்ளவற்றை மாணவர் மறுபடி எழுதினார். வரைபடமும் இல்லாதவை போனவைதாம். அவற்றுள் ஒன்றுக்கு அந்த வாரமே ஆர்டர் இருந்தது. பழைய டையையே கொண்டுவந்து வைத்து மைக்ரோமீட்டரால் அளந்து முதலிலிருந்து தொடங்கினார்கள்.

"சார், இனி என்ன பண்றது? புது டிரைவ் எங்க கிடைக்கும்?" என்று முதலாளி கேட்டார்.

ஆல்கஹாலில் நனைத்த பிசிரில்லாத துணியால் முனையைத் துடைத்து அதே டிரைவை ஓட்டலாம். சில காலம் வரும். மிஷினின் பின்புறம் ஆர்.எஸ். 232 துறை இருந்தால் கேபிள் வழியே நிரலை அனுப்பலாம். இந்த மிஷினில் அந்த வசதியை வாங்கும்போதே சேர்த்திருக்கவில்லை. மூன்றாவது ஒரு வழி இருக்கிறது. அதுதான் எனக்குப் பிடித்தது.

பிளாப்பி வேடம்

டிரைவையும் கணிப்பொறியையும் இணைப்பது 34 இழைகள் கொண்ட தட்டைக் கேபிள். அவற்றில் பாதி வெறும் தரை இணைப்பு. மீதியில் என்ன பேசிக்கொள்கிறார்கள் தெரியுமா? 20ஆம் இழையில் கணிப்பொறி "ஒரு தடம் நகரு" என்கிறது. எந்தத் திசையில் என்பதை 18ஆம் இழை சொல்லும். "நான் முதல் தடத்துக்கு வந்துவிட்டேன்" என்று டிரைவ் 26இல் சொல்லும். படித்த துடிப்புகளை 30இல் அனுப்பும். எழுத வேண்டியவை 22இல் வரும். பேச்சுவார்த்தை இவ்வளவே.

இப்போது சொல்லுங்கள். அந்த 34 இழைகளின் மறுமுனையில் சுழலும் வட்டு இருந்தே தீர வேண்டுமா? வேண்டாம் அல்லவா! "நகரு" என்றால் மனத்துக்குள் ஒரு தடம் நகர்ந்து, 2, 3, 4 மைக்ரோநொடி இடைவெளிகளில் சரியான துடிப்புகளை அனுப்பக்கூடிய எதுவாயினும் போதும். அப்படிப்பட்ட பெட்டி கடையில் கிடைக்கிறது. பிளாப்பி எமுலேட்டர் என்பார்கள். அளவும் திருகு துளைகளும் பழைய டிரைவைப் போலவே. முகப்பில் பிளவுக்குப் பதில் பென் டிரைவ் செருகும் இடமும், இரண்டு பொத்தான்களும், எண் காட்டும் சிறு விளக்கும். ஒரு பென் டிரைவில் நூற்றுக்கணக்கான பிளாப்பிகளின் பிம்பங்களை வைத்துக்கொண்டு, பொத்தானை அழுத்தி 'எத்தனையாவது பிளாப்பி' என்று தேர்ந்தெடுக்கலாம். மிஷினுக்கு இது தெரியவே தெரியாது. சுழல்வது, உரசுவது, ஈரம் பிடிப்பது எதுவும் இதில் இல்லை.

சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும் அந்தப் பெட்டி ஒரு வாரத்தில் வந்து சேர்ந்தது. பொருத்தி, மின்சாரம் கொடுத்தோம். விளக்கு எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. மிஷின் எதையும் படிக்கவில்லை. முதலாளியின் முகம் வாடிவிட்டது. நான் இயற்பியல் வாத்தியார் என்ற மிதப்பில் மின்னழுத்தத்தை அளக்கப் போனேன். என் மாணவர் குனிந்து பார்த்து, "சார், கேபிள் தலைகீழா இருக்கு" என்றார். அணையாத விளக்கு அதற்கே உரிய அடையாளம். கேபிளின் ஓரத்தில் ஓடும் சிவப்புக் கோடு முதல் இழையைக் காட்டும். அதை டிரைவின் முதல் ஊசிப் பக்கம் வைக்க வேண்டும். திருப்பிச் செருகியதும் படித்துவிட்டது.

இதைவிட முக்கியமான ஒரு வேலையையும் அன்று செய்தோம். இத்தகைய பழைய மிஷின்களின் அளவமைப்பு எண்கள் சிறிய பாட்டரி ஒன்றின் தயவில் நினைவகத்தில் நிற்பவை. பாட்டரி தீர்ந்தால் அவையும் போகும். மிஷின் தன் நீள அகலத்தையே மறந்துபோய் நிற்கும். அவற்றைத் திரும்ப ஏற்ற வேண்டிய வட்டு, அலமாரியின் அடியில் ரசீதுகளோடு கிடந்தது. அதையும் பிம்பமாக்கிக்கொண்டோம். நிரல் போனால் மறுபடி எழுதலாம். இது போனால் நல்ல நிலையில் உள்ள மிஷின் பழைய இரும்பு விலைக்குப் போகும்.

எமுலேட்டர் பொருத்திய பிறகும் அந்த மிஷின் 'ஏ' டிரைவைத்தான் படிக்கிறது. எனவே அதற்குப் பிளாப்பி டிரைவ் தேவைதானா என்று யாராவது கேட்டால் இப்படிச் சொல்வேன்: பிளாப்பி தேவையில்லை, பிளாப்பி பேசிய மொழி தேவை.

உலகம் முழுவதும்

இது மணிமங்கலத்துச் சந்தில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவின் அணு ஆயுதப் படைகளுக்கான ஆணைகளைக் கொண்டுசெல்லும் கணிப்பொறி அமைப்பு 2019 வரை 8 அங்குலப் பிளாப்பிகளைப் பயன்படுத்தியது. இவ்வகைப் பிளாப்பியை ஐ.பி.எம். 1971இல் வெளியிட்டபோது அதன் கொள்ளளவு சுமார் 80 கிலோபைட்தான்! சான் பிரான்சிஸ்கோ நகரின் ரயில்களைத் தானாக ஓட்டும் அமைப்பு 1998இல் ஐந்தேகால் அங்குலப் பிளாப்பிகளோடு வந்தது. அதை மாற்ற 2024இல்தான் ஒப்பந்தம் போட்டார்கள். போயிங் 747-400 விமானங்கள் தங்கள் வழிகாட்டித் தகவல்களை 28 நாளைக்கு ஒருமுறை பிளாப்பி வழியே புதுப்பித்துக்கொண்டன. ஜப்பானில் அரசு அலுவலகங்களுக்கு ஆவணங்களைப் பிளாப்பியில் தர வேண்டும் என்பதுபோன்ற விதிகள் ஆயிரத்துக்கும் மேல் இருந்தன. ஏறக்குறைய அவை அனைத்தும் 2024 ஜூனில்தான் நீங்கின.

இவற்றையெல்லாம் செய்தியாகப் படித்துச் சிரிக்கிறவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வருவதில்லை. சரியாக ஓடுகிற ரயில் அமைப்பைத் தொட்டு மாற்றுவது, பென் டிரைவ் வாங்குவதுபோல எளிதல்ல. ஆனால் மாற்றாமல் விட்டால் வட்டும் கிடைக்காது, அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவரும் கிடைக்கமாட்டார். எவ்வளவு காலம் பொறுக்கலாம் என்பதுதான் கடினமான கணக்கு.

மணிமங்கலத்திலேயே இராஜகோபாலப் பெருமாள் கோயில் சுவர்களில் பதினோராம் நூற்றாண்டுச் சோழர் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஆயிரம் ஆண்டாகியும் கல் அழியவில்லை. ஆனால் பள்ளி மாணவர் ஒருவரை அங்கே நிறுத்திப் படிக்கச் சொல்லுங்கள்; தமிழ்தான், ஆனாலும் எழுத்துக் கூட்டுவதே கடினம். எழுத்தின் வடிவம் மாறிவிட்டது. கற்றறிந்தவர்கள் படியெடுத்து, தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் அச்சிட்டதால் நமக்கு அவை கிட்டின. கல்லுக்கும் ஒரு 'டிரைவ்' வேண்டியிருக்கிறது!

நீங்கள் செய்யக்கூடியது

உங்கள் வீட்டுப் பரணிலோ, அப்பா அல்லது மாமா வேலை செய்யும் பட்டறையிலோ பிளாப்பிகள் இருக்கின்றனவா என்று கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் உடனே எதிலும் செருகாதீர்கள். உலோக மூடியை விலக்கி, நடுச்சக்கரத்தை விரலால் மெல்லச் சுழற்றி, விளக்குக்கு நேரே சாய்த்துப் பாருங்கள். பூச்சை விரலால் தொடக்கூடாது. பளபளக்கும் வளையம் இருந்தால் அது கீறல். வெண்புள்ளிகள் இருந்தால் பூஞ்சை. நம் ஊர் ஈரத்துக்கு அது சகஜம். இரண்டும் உள்ள வட்டுகளைத் தனியே வையுங்கள். அவை முனையையும் கெடுத்துவிடும்.

நல்லவற்றின் மூலைத் தாழ்ப்பாளை ஓட்டை தெரியும்படி நகர்த்துங்கள். யு.எஸ்.பி. பிளாப்பி டிரைவ் ஒன்றில், முதலில் முக்கியமில்லாத ஒரு வட்டைப் போட்டு அது கீறவில்லை என்று உறுதி செய்த பிறகு மற்றவற்றைப் படியுங்கள். 'பார்மட் செய்யட்டுமா?' என்று கணிப்பொறி கேட்டால் கூடாது என்று சொல்லுங்கள். பழைய மிஷின்கள் சில தமக்கே உரிய முறையில் வட்டை எழுதியிருக்கும்; சாதாரண டிரைவுக்கு அது வெற்று வட்டாகத்தான் தெரியும். படித்தவற்றை இரண்டு இடங்களில் நகலெடுத்து வையுங்கள்.

வட்டின்மேல் ஒட்டியுள்ள சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த டூல் ரூமில் எங்களைக் காப்பாற்றிய மூன்றாவது வட்டின் சீட்டில், பென்சிலால், 'பழையது' என்று மட்டும் எழுதியிருந்தது.